எட்டடி வேலியும் எங்கள் வீட்டுக் கோலி நாயும்

கெட்டில்பெக் கிராமம், யார்க்‌ஷயர்
1958 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. சிரில் பிக்கர்ஸ்கில் அவர்களுக்கு, தங்கள் அக்காள் கணவன் வில்ஃப் ஆம்ப்ளர் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் மனைவியாரும் தங்கள் நிலக்கரி வியாபாரமும் குறைவின்றி இருக்க ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நான் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவன், பொய் எழுதக் கை கூசுகிறது. இந்த ஆறு மாதத்தில் வாயால் சொன்ன பொய்களே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

விஷயம் தாங்கள் கொடுத்த நாயைப் பற்றியது. தாங்கள் என்று இதற்கு மேல் எழுத முடியவில்லை, சிரில். கோபம் வரும்போது மரியாதை ஒட்டமாட்டேன் என்கிறது, நீ என்றே எழுதுகிறேன், உன் அக்காள் டோரீனும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள். வருகிற சனிக்கிழமை உன் நிலக்கரி வேனை எடுத்துக்கொண்டு வந்து அந்த மெக் நாயைத் திரும்பக் கொண்டு போய்விடு. அவ்வளவுதான் கடிதம். மேலே படிக்க நேரமில்லை என்றால் படிக்க வேண்டாம், வந்தால் போதும். ஆனால் நீ படிக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை, உனக்கும் கொஞ்சம் உறுத்தட்டும்.

பிப்ரவரியில் எங்கள் மகள் ஹேசலின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கலாம் என்று நாங்கள் மூன்று பேரும் உன் வீட்டுக்கு வந்தோம். நான் கேட்டது உனக்கு நினைவிருக்கும். குடும்பத்துக்கு ஏற்ற நாய், அடக்கமான உயரம், அதிகம் குரைக்கக் கூடாது, அதிகம் தின்னக் கூடாது. நீ கிடங்குக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் சாக்கின்மேல் படுத்திருந்த தாயைக் காட்டினாய். நல்ல கோலி நாய், ஆடு மேய்க்கிற ஜாதி, கழுத்தைச் சுற்றி வெள்ளை. குட்டிக்கும் அதே வெள்ளை, குட்டைக்கால், கம்பளி உருண்டையாக என் தொப்பிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. நம் பக்கத்தில் நாய் வாங்குகிற எவனும் தாயைத்தான் பார்ப்பான், நானும் பார்த்தேன். தகப்பன் யார் என்று கேட்டதற்கு, "நல்ல குடும்பம் அத்தான், வெளியூர்ல உத்தியோகம் பாத்துட்டு இப்ப ஓய்வா இருக்கு" என்றாய். அந்த உத்தியோகம் பந்தய மைதானத்தில் முயல் பொம்மைக்குப் பின்னால் ஓடியது என்பதை, ஏப்ரல் மாதம் அதன் கால்கள்தான் எனக்குத் தெரிவித்தன.

கால் என்றால் உனக்குப் புரியாது, நீ எட்டு வாரத்தில் கைகழுவிவிட்டாய். நான் பிரபுவின் எஸ்டேட்டில் தச்சன், அளவெடுத்து வேலை செய்கிறவன். கோலி நாய்க்கு என்ன உயரமோ அந்த உயரத்துக்கு மார்ச் மாதம் ஒரு கூண்டு செய்தேன், ஓக் மரம், கூரைக்குத் தார்த்தாள் கூட அடித்தேன். ஏப்ரலில் நாய் உள்ளே போனால் தலை வெளியே இருந்தது. சரி என்று கூரையைத் தூக்கினேன். மே மாதம் தலை உள்ளே போனால் பின்பக்கம் வெளியே இருந்தது, பின்சுவரைத் தள்ளி வைத்தேன். ஜூனில் மூன்றாவது முறையாக ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனபோது மெக் அங்கே இல்லை, முன்னறையில் என் நாற்காலியில், நாலு காலும் மேலே பார்க்க, முதுகு கீழே இருக்க, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்த நாற்காலி என்னுடையது இல்லை. கூண்டில் டோரீன் உருளைக்கிழங்கு வைத்திருக்கிறாள்.

தின்னாது என்றாய். அது உண்மைதான், தட்டில் வைத்ததைத் தின்பதில்லை. ஈஸ்டர் ஞாயிறன்று டோரீன் அடுப்பிலிருந்து மாட்டிறைச்சித் துண்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, குழம்பு கிளறத் திரும்பினாள். திரும்பிய நேரம் நாலு கரண்டிச் சுற்று. சத்தம் எதுவும் இல்லை, நாற்காலி நகரவில்லை, தட்டு கூட அசையவில்லை, இறைச்சி மட்டும் இல்லை. பாதிரியாரும் அவர் மனைவியும் அன்றைக்கு எங்கள் விருந்தாளிகள். இறைச்சிக்குத் துணையாக வைக்கிற யார்க்‌ஷயர் புட்டிங்கும் வெறும் குழம்புமாகச் சாப்பிட்டுவிட்டு, நோன்பு முடிந்த நாளில் இவ்வளவு எளிமை மனதைத் தொடுகிறது என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அலமாரிக்கு நான் போட்ட கொக்கியை மூக்கால் தூக்கும், இரண்டாவது கொக்கியைப் பல்லால் இழுக்கும். இருபத்திரண்டு வருடமாக எஸ்டேட்டில் என் கைவேலையை யாரும் குறை சொன்னதில்லை, இந்த நாய்தான் தினமும் சொல்லிக்காட்டுகிறது.

இதெல்லாம் போகட்டும், இறைச்சி போனால் இறைச்சி. நான் தூக்கமில்லாமல் கிடப்பது வேறு காரணத்துக்கு. எங்கள் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம், நான் வேலை பார்க்கிறவரை குடியிருக்கலாம் என்று உனக்குத் தெரியும். குடியிருப்புப் பத்திரத்தில் பதினோராவது விதி, பிரபுவின் தாத்தா காலத்தில் எழுதியது, எந்தக் குடியிருப்பாளரும் கிரேஹவுண்டோ லர்ச்சரோ முயல் வலையோ வைத்திருக்கக் கூடாது, வைத்திருந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்கிறது. அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பந்தயத்தில் ஓடுகிற கிரேஹவுண்டின் காலும் கோலியின் மூளையும் சேர்ந்தால் அது லர்ச்சர், அடுத்தவன் காட்டில் வேட்டையாடுகிறவனுக்கென்றே பிறந்த நாய். குரைக்காது என்று நீ பெருமையாகச் சொன்னாயே, குரைத்தால் மாட்டிக்கொள்வோம் என்று அதன் பாட்டன் பூட்டனுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, அதனால்தான் குரைப்பதில்லை. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு யாருடையது என்றும் உனக்குத் தெரியும். எஸ்டேட்டின் தலைமை வேட்டைக்காவலர் நார்மன் ஹெசல்டைன்.

ஆகவே கோலி என்று சொல்ல ஆரம்பித்தோம். நான் சொன்னேன், டோரீன் சொன்னாள், பொய் சொல்லக் கூடாது என்று நாங்கள் அடித்து வளர்த்த ஹேசலையும் பள்ளிக்கூடத்தில் சொல்லச் சொன்னோம். டோரீன் தடித்த கம்பளியில் ஒரு சட்டை பின்னினாள், வயிறு ஒட்டியிருப்பது தெரியாமல் இருக்க உள்ளே பழைய தலையணைப் பஞ்சை வைத்துத் தைத்தாள். மே மாத வெயிலில் கம்பளிச் சட்டை எதற்கு என்று தபால்காரர் கேட்டபோது நெஞ்சுச்சளி என்றேன். கால்களை என்ன செய்வது? யோசித்து, இடுப்பளவு தீவனப்புல் வளர்ந்த வயல்களில் மட்டும் நடத்திக் கூட்டிப்போனேன். தூரத்திலிருந்து பார்த்தால் முதுகும் வெள்ளைக் கழுத்தும் மட்டும் தெரியும், சாட்சாத் கோலி. ஜூன் முழுக்க நிம்மதியாக இருந்தோம். ஜூலை முதல் வாரம் எல்லா வயலிலும் புல்லை அறுத்துவிட்டார்கள். நான் அன்றைக்கு மேட்டில் நின்று பார்க்கிறேன், கண்ணுக்கு எட்டியவரை மொட்டை வயல், நடுவில் கம்பளிச் சட்டையோடு நாலு கால், அதுவும் எப்படிப்பட்ட கால்.

புல்லை அறுத்த அடுத்த வாரம், காலை ஆறு மணிக்கு டோரீன் மாடிப்படியிலிருந்து, "ஏங்க, கொஞ்சம் கீழ வாங்க, கத்தாதீங்க" என்றாள். சமையலறையில் மெக் உட்கார்ந்திருந்தது. அதன் வாயில் ஒரு ஃபெசன்ட் குஞ்சு, வேட்டைக் காலத்துக்காக ஹெசல்டைன் காட்டுக்குள் கம்பிவேலி போட்டு வளர்க்கிற கோழி, ஓர் இறகு கலையாமல், உயிரோடு, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. மெக் அதை என் கையில் கொடுத்துவிட்டு வாலை ஆட்டியது. கடித்துக் கொன்றிருந்தால் புதைத்திருக்கலாம், சிரில். உயிரோடு கொண்டுவந்து கொடுத்தால் ஒரு மனிதன் என்ன செய்வது? ரம்பமும் உளியும் வைக்கிற பையில் போட்டு, மேலே துணி மூடி, வேலைக்குப் போகிற வழியில் வேலிக்குள் விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் மூன்று. அதில் ஒன்று நான் முந்தின நாள் விட்டதேதான், என்னைப் பார்த்ததும் தானாகவே பைக்குள் ஏறியது.

எஸ்டேட்டில் முப்பது வருடமாகக் கோழி திருடினவர்கள் உண்டு, தினமும் காலையில் கோழியைத் திருட்டுத்தனமாகத் திருப்பி வைத்தவன் நான் ஒருவன்தான். ஹெசல்டைன் ஒருநாள் பட்டறைக்கு வந்தார். கோழிகள் எண்ணிக்கையில் இரவு குறைகிறது, காலையில் கூடுகிறது, என் உத்தியோகத்தில் இப்படிப் பார்த்ததில்லை, எதற்கும் வேலியை ஆறடிக்கு உயர்த்திக் கொடு என்றார். உயர்த்தினேன். என் வீட்டு நாய்க்கு எதிராக என் கையாலேயே, நல்ல தேவதாரு மரக் கம்பங்கள் நட்டு, மனசாட்சியோடு செய்தேன். மறுநாள் காலை சமையலறையில் நாலு கோழி. பிறகு எட்டடி. எட்டடி வேலியை ஒரு நாய் வாயில் கோழியோடு தாண்டுகிறது என்றால் நீ நம்பமாட்டாய். நான் மறைந்திருந்து பார்த்தேன். நின்ற இடத்திலிருந்து ஒருமுறை மேலே பார்த்தது, பிறகு அந்தப் பக்கம் இருந்தது. இடையில் நடந்ததைப் பார்க்க என் கண் போதவில்லை.

ஊருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் பிறந்ததும் எங்கள் வாசல் கேட்டில் யாரோ வெங்காயம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மறுநாள் ஒரு கட்டு மூலிகை இலை, கோழிக்குள் வைத்து வேகவைப்பார்களே அது. கடைக்காரி டோரீனிடம் சர்க்கரையை நிறுத்துக்கொண்டே, சனிக்கிழமை மருமகன் வீட்டார் வருகிறார்கள், காட்டுமுயல் ஒன்று கிடைத்தால் தேவலை, அவசரமில்லை என்று சொன்னாளாம். பிரபுவின் காட்டில் திருடுகிற சமர்த்தன் என்று நினைத்து, தேவாலயத்தில் எனக்குப் பின்னால் உட்காருகிறவர்கள் என் தோளைத் தட்டிக்கொடுக்கிறார்கள். இருபத்திரண்டு வருடம் இந்த ஊரில் கதவும் ஜன்னலும் சவப்பெட்டியும் செய்துகொடுத்தபோது கிடைக்காத மரியாதை இப்போது கிடைக்கிறது. ஊருக்கே தெரிந்தது எஸ்டேட்டை நிர்வகிக்கிற ஏஜென்ட்டுக்கு எத்தனை நாள் தெரியாமல் இருக்கும்?

தெரிந்துவிட்டது. நேற்று எஸ்டேட் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வருகிற திங்கட்கிழமை ஏஜென்ட் திரு. ஃபேர்பர்ன் வீடுகளைப் பார்வையிட வருகிறாராம், கூரை, குழாய், மற்றும் வளர்ப்பு விலங்குகள் என்று எழுதியிருக்கிறது. வளர்ப்பு விலங்குகள் என்ற வார்த்தை இதுவரை எந்த வருடமும் வந்ததில்லை.

சிரில், நான் பயந்துபோயிருக்கிறேன். எனக்கு ஐம்பத்து நாலு வயது. இந்த வீட்டை விட்டால் வேலையும் போகும், இரண்டும் ஒரே சாவிதான். மாடி அறையில்தான் ஹேசல் பிறந்தாள். டோரீன் நட்ட நெல்லிக்காய்ச் செடிகள் இந்த வருடம்தான் நிறையக் காய்த்திருக்கின்றன. ஒரு நாய்க்காக இதையெல்லாம் விட முடியுமா என்று நீயே சொல். டோரீனிடம் கேட்டேன். "உங்க இஷ்டம். எனக்கு அது ஒரு வேலை மிச்சம்" என்று சொன்னாள், சொல்லிவிட்டு நாய்க்குக் கஞ்சியில் வெண்ணெய் போட்டாள், எனக்குப் போடவில்லை. ஹேசலிடம் நான் சொல்லவே இல்லை. பள்ளி இருந்த நாளெல்லாம் அவள் திரும்பும்போது நாய் கேட்டைத் தாண்டிப் போய் அவள் பையை வாயில் வாங்கிக்கொண்டு வரும், அவளிடம் எப்படி நான் சொல்லுவேன்? சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஞாயிறுப்பள்ளிப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறார்கள். நீ மூன்று மணிக்கு வா. அவள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். இது கோழைத்தனம் என்று எனக்கே தெரியும், நீ எழுதிக்காட்ட வேண்டாம்.

வரும்போது கனமான கயிறு கொண்டுவா, மெல்லியதைக் கடித்துவிடும். நாற்காலிப் போர்வையையும் தந்துவிடுகிறேன், அது இல்லாமல் படுக்காது. இடி இடித்தால் பயப்படும், அப்போது காதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும், இடது காது. தங்கள் குடும்பத்தினர் யாவருக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். கடவுள் தங்கள் கிடங்குக்கும் வாகனத்துக்கும் துணை நிற்பாராக, எனக்கு நிற்கிற அளவுக்கு அல்ல, அதற்கு மேலேயே நிற்பாராக.

என்றும் தங்கள் நன்மையை விரும்பும்,
வில்ஃப் ஆம்ப்ளர்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணி. மேலே எழுதியதைத் தபாலில் போட உறையை எடுத்தேன், அப்போது ஏஜென்ட் வந்துவிட்டார். திங்கட்கிழமை என்றவர் இன்றைக்கே, ஹெசல்டைனையும் கூட்டிக்கொண்டு. கம்பளிச் சட்டை துவைத்துக் காயப்போட்டிருந்தது. மெக் சமையலறை நடுவில் அப்படியே நின்றாள், காலும் வயிறும் கழுத்தும் எதுவும் மறைக்காமல், ஜன்னல் வெளிச்சம் முழுக்க அவள்மேல். டோரீன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், பள்ளி விடுமுறை, ஹேசல் மேஜையடியில் இருந்தாள். ஃபேர்பர்ன் கெட்டவர் இல்லை. புத்தகத்தைத் திறந்து, பேனாவை எடுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டே, "கோலிக் கலப்புன்னு சொன்னாங்க, மிஸ்டர் ஆம்ப்ளர். அப்படியே எழுதிக்கட்டுமா?" என்றார். ஹெசல்டைன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆம் என்று ஒரு வார்த்தை, சிரில். தலையை ஆட்டினால்கூடப் போதும். ஆட்டத்தான் போனேன். அதற்குள் ஃபேர்பர்ன் எனக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்து, "கால் கோணலா வளந்த கோலி, பாவம். இது எங்க ஓடப்போகுது" என்று சேர்த்துக்கொண்டார்.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. "கோணலா? நல்லாப் பாருங்க ஐயா. இவ லர்ச்சர். தகப்பன் ஓடின மைதானத்துல அவனை ஜெயிச்ச நாய் இல்ல. நான் கட்டின எட்டடி வேலியை வாயில கோழியோட தாண்டுறா, கோழிக்கு ஒரு இறகு உதிராது. இந்த மூணு பள்ளத்தாக்குலயும் இவளுக்கு ஈடா ஒண்ணு இருந்தா கொண்டாங்க பாப்போம்" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. டோரீன் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். ஃபேர்பர்ன் ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, வேறு வழியில்லாமல் லர்ச்சர் என்றே எழுதினார். போகும்போது ஹெசல்டைன் வாசலில் நின்று, "கோலின்னு சொல்லியிருக்கலாமே, வில்ஃப். நான் அவர்கிட்ட பத்து நாளா அப்படித்தானே சொல்லிட்டிருக்கேன்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

மேஜையடியிலிருந்து ஹேசல் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடித்து மூன்று வருடம் இருக்கும். டோரீன் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "கோணல்னு சொன்னா பின்ன என்ன செய்யறது" என்று மட்டும் சொன்னாள், சொல்லிவிட்டு நெல்லிக்காய்ச் செடிகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். நானும் அழுதேன், அதை யாரிடமும் சொல்லாதே.

ஆகவே நாளைக்கு வர வேண்டாம். செப்டம்பர் இருபத்தொன்பதுக்குள் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள், அன்றைக்கு வா, வேனைக் கழுவிக் கொண்டுவா. அலமாரி கனம், இரண்டு பேர் வேண்டும். உன் ஊர் மரப்பட்டறையில் எனக்கு ஏதாவது வேலை இருக்குமா என்று விசாரித்து வை, வீடு எதுவானாலும் சரி, பதினோராவது விதி மட்டும் இருக்கக் கூடாது. முன்சீட்டில் உன் பக்கத்தில் மெக் உட்காருவாள், பின்னால் உட்கார்ந்து போனால் அவளுக்கு வாந்தி வரும். உன் அக்காள் அலமாரியோடு பின்னால் உட்கார்ந்துகொள்வதாக அவளே சொல்லிவிட்டாள்.